‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்பதற்கு முன்

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் சின்னம் வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்கிறது, மறுபடி முதலிலிருந்து. கடைக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்.” கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நோண்டிப் பார்த்துச் சரிசெய்ய அரை நாள் ஆகும், ஃபார்மட் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வீட்டுக்காரருக்குக் கணக்கு வேறு. டெஸ்க்டாப்பில் கிடக்கும் படங்கள், பழைய தமிழ் எழுத்துருக்கள், பாஸ்வேர்டுகள், கணக்கு ஃபைல்கள் என்று அந்த சி டிரைவில் இருப்பவை திரும்ப வராது.

இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் ஃபைல் தானாகக் கெடாது, ஏதோ ஒன்று கெடுக்கிறது. அது சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், ஃபார்மட் அடித்த புது விண்டோஸும் இரண்டு மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் டேட்டாவை வெளியே எடுப்பது, பிறகு டிஸ்க்கைப் பார்ப்பது, கடைசியில்தான் ரிப்பேர்.

கீழே வருவதெல்லாம் விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கட்டளைகளின் கூட வரும் சாய்கோடு, கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ளது. டிரைவ் பாதைகளில் வருவது என்டருக்கு மேலே இருக்கும் எதிர்ச்சாய்கோடு. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதாலும், சாய்கோட்டுக்கு முன்னால் இடைவெளி விடாததாலும் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்து விண்டோஸ் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

ஃபைல்தான் கெட்டிருக்கிறதா?

பூட் ஆகவில்லை என்றாலே கரப்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் ஒரு ஃபைலுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நல்ல உதாரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. நான்கைந்து வருடம் ஆன மெஷினில் அது தீர்ந்துபோனால், மெயின் சுவிட்சை அணைத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த நிரல்) செட்டிங் எல்லாம் ஆதிநிலைக்குப் போய்விடும். டிஸ்க் கன்ட்ரோலர் ‘ரெய்டு’ என்று இருந்தது ‘ஏஹெச்சிஐ’ என்று மாறும், அல்லது அதற்கு நேர்மாறாக. உடனே விண்டோஸ் ‘இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரையைக் காட்டும். பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான் குற்றவாளி. புது பேட்டரி போட்டு, கன்ட்ரோலர் செட்டிங்கைப் பழையபடி வைத்தால் வேலை முடிந்தது. இதற்குப் போய் ஃபார்மட் அடித்த மெஷின்கள் எத்தனையோ.

பென் டிரைவ், பிரின்டர், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள். ராமையும் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நீலத்திரை, வெவ்வேறு ஃபைல் பெயர் என்று வந்தால் அது ராமாக இருக்க வாய்ப்பு அதிகம். கரன்ட்டைத் துண்டித்து, ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதி மாட்டுவது நம் ஊர் வைத்தியம். டெஸ்க்டாப்புகளில் அது பலிக்கவும் செய்கிறது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ராம் சோதனை நிரலைப் பென் டிரைவில் போட்டு, ஒரு சுற்றாவது முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராம் போயிற்று. கெட்ட ராமை வைத்துக்கொண்டு ரிப்பேர் ஓட்டினால், ரிப்பேரே புதிதாகத் தப்பு எழுதிவைக்கும்.

ரெக்கவரி திரைக்குள் நுழைவது

விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை பூட் ஆகாமல் விழுந்தால் அடுத்த முறை தானாகவே ரெக்கவரி திரைக்குப் போகும். போகவில்லை என்றால், புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. லாகின் திரை வரை வருகிறது என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்), ஸ்டார்ட்அப் ரிப்பேர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர் எல்லாம் இருக்கும்.

டிஸ்க்கில் இருக்கும் ரெக்கவரி பகுதியே கெட்டிருந்தால், இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு பென் டிரைவ் தயாரிக்க வேண்டும். 8 ஜிபி போதும். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். பூட் மெனு விசை டெல், லெனோவோ, கிகாபைட்டில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டும். பென் டிரைவில் பூட் ஆனதும் ‘இன்ஸ்டால்’ பட்டனைத் தொடாமல் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ என்ற சின்ன எழுத்தையோ, புதிய பதிப்பென்றால் ‘ரிப்பேர் மை பிசி’ என்ற தேர்வையோ தேடுங்கள்.

2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு ரெக்கவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போன கதை பலருக்கு நினைவிருக்கலாம். சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் தனி அப்டேட் வெளியிட்டுச் சரிசெய்தது. அந்த இடைவெளியில் மாட்டி, பிறகு அப்டேட் ஆகாமலேயே நின்றுபோன மெஷின் என்றால் கீபோர்டு செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் கீபோர்டு வேலை செய்யும்.

இங்கே, டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் குறுக்கே வரலாம். 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். “நான் எதுவும் பூட்டவில்லையே” என்பீர்கள். புதிய லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டப் செய்தாலே டிரைவ் பெரும்பாலும் சத்தமில்லாமல் பூட்டப்பட்டுவிடுகிறது. போனிலிருந்து அதே கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் இந்தக் கம்ப்யூட்டரின் பெயரைப் பிடித்தால் கீ இருக்கும். பல கீ இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். கீ கிடைக்காவிட்டால் டேட்டா இல்லை. இதற்குக் குறுக்கு வழி கிடையாது, இருக்கிறது என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

டேட்டாவை வெளியே எடுப்பது

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்ததும் ‘எக்ஸ்:’ என்று நிற்கும். அது ராமில் ஓடும் தற்காலிக டிரைவ், உங்களுடையது அல்ல. உங்கள் விண்டோஸ் இருக்கும் டிரைவ் இங்கே சி ஆகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பல நேரம் டி என்றோ இ என்றோ காட்டும். ‘டிஸ்க்பார்ட்’ என்று தட்டி, ‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்து, அளவை வைத்து அடையாளம் கண்டு, ‘எக்ஸிட்’ கொடுத்து வெளியே வாருங்கள். இந்தப் பதிவில் விண்டோஸ் டிரைவ் டி என்றும், வெளி டிஸ்க் இ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

பதினொன்றாம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையதும் இருக்கும் சில லேப்டாப்புகளில், பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் எஸ்எஸ்டியே பட்டியலில் வராது. டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கிறது, பென் டிரைவில் அதற்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலின் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்து ‘லோட் டிரைவர்’ மூலம் ஏற்றினால் தெரியும்.

இனி எளிய வழி. கமாண்ட் பிராம்ப்டில் ‘நோட்பேட்’ என்று தட்டுங்கள். ஃபைல், ஓப்பன். கீழே ‘டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்’ என்றிருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். அந்தச் சின்ன ஜன்னலே ஒரு எக்ஸ்ப்ளோரர். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்க்குக்குப் போய் பேஸ்ட். ஒரே தொல்லை, எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. முடியும் வரை ஜன்னல் உறைந்துபோய் நிற்கும். தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். ஐம்பது ஜிபிக்கு மேல் என்றால் இது சரிவராது. அப்போது கட்டளைதான் நல்லது:

ரோபோகாப்பி டி:\யூசர்ஸ் இ:\பேக்கப் /இ /ஆர்:1 /டபிள்யூ:1 /எக்ஸ்ஜே

அந்தக் கடைசி மூன்று சுவிட்சுகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி இயல்பாகவே பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். ஒரு கெட்ட ஃபைலிலேயே உங்கள் ஆயுள் முடிந்துவிடும். ‘/ஆர்:1 /டபிள்யூ:1’ அதை ஒரு முயற்சி, ஒரு நொடி என்று ஆக்குகிறது. ‘/எக்ஸ்ஜே’ இல்லையென்றால் ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற போலி ஃபோல்டர் தன்னையே சுட்டிக்கொண்டு, உள்ளுக்குள் உள்ளாகப் போய்க்கொண்டே இருக்கும்.

யூசர்ஸ் ஃபோல்டரோடு நிறுத்தாதீர்கள். டாலிபிரைம் டேட்டா ‘யூசர்ஸ்\பப்ளிக்\டாலிபிரைம்\டேட்டா’வில் இருப்பதால் இதிலேயே வந்துவிடும், பழைய டாலி ஈஆர்பி 9 என்றால் சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தனி ஃபோல்டராக இருக்கலாம், அப்படியானால் அதைத் தனியாக எடுக்க வேண்டும். ‘விண்டோஸ்\ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் முழுசாகக் காப்பி செய்யுங்கள். பாமினி, டேம், டேப் எழுத்துருக்களில் தட்டிய பழைய வேர்டு ஃபைல்கள் இருக்கும் வீடுகளில் இதை மறந்தால், ஃபைல் வந்துவிடும், உள்ளே ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் தெரியும். குரோம் ஃபோல்டரைக் காப்பி செய்தால் புக்மார்க் கிடைக்கும், சேமித்த பாஸ்வேர்டுகள் கிடைக்காது. அவை அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டவை. ஒன்டிரைவ் ஆனில் இருந்திருந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். அதில் சில ஃபைல்கள் பெயரளவில் மட்டும் இங்கே இருந்து, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கலாம். அவை காப்பி ஆகவில்லை என்று பதற வேண்டாம்.

உபுண்டு லைவ் பென் டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) இருந்தால் அதுவும் நல்ல வழி. விண்டோஸ் சரியாக அணையாததால் டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. நமக்குப் படித்தால் போதும். இணையத்தில் சொல்கிறார்களே என்று அதை எழுதும் நிலைக்கு மாற்றப் போகாதீர்கள்.

டிஸ்க்கின் நாடி

டேட்டா வெளியே வந்துவிட்டது. இப்போது டிஸ்க். விண்டோஸ் திறந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, திறக்காவிட்டால் உபுண்டுவின் டிஸ்க்ஸ் நிரலில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு. ஹார்ட் டிஸ்க்கில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: 05 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்), சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை, சி6 என்பது கைவிடப்பட்டவை. மூன்றின் ரா மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போகிறது என்றால் விண்டோஸ் ஏன் கெட்டது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த டிஸ்க்கில் ரிப்பேர் வேலையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டியில் ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ என்ற வரியும், மிச்சமுள்ள ஸ்பேர் சதவீதமும்தான் விஷயம்.

ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் மட்டும் செக்டிஸ்க். கட்டளையின் எழுத்துகள் சி, எச், கே, டி, எஸ், கே. முதலில் எந்தச் சுவிட்சும் இல்லாமல், டிரைவ் எழுத்தை மட்டும் (‘டி:’) கொடுத்து ஓட்டினால் பார்த்துச் சொல்லும், தொடாது. குறை சொன்னால் ‘/எஃப்’ சேர்த்து ஓட்டுங்கள். ‘/ஆர்’ வேறு ரகம்: டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கும், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் இழுக்கும். டிக், டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்கில் ‘/ஆர்’ கொடுப்பது, மூச்சிரைப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. டேட்டா எடுப்பதற்கு முன் இதை ஓட்டிவிட்டு, பிறகு ‘ஃபவுண்ட்.000’ ஃபோல்டருக்குள் பெயரில்லாத துண்டுகளைத் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ரிப்பேர்

கட்டளைகளில் குதிப்பதற்கு முன், நேற்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். அப்டேட் ஓடியதா? அப்படியானால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ போய், ‘லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்’ என்பதை நீக்கிப் பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ‘ஃபீச்சர் அப்டேட்’. அதற்கு இயல்பாகப் பத்து நாள்தான் அவகாசம். புது டிரைவரோ ஆன்டிவைரஸோ போட்டீர்களா? சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் அதில் பின்னால் போங்கள். இந்த இரண்டில் ஒன்று பலித்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

நீலத்திரையில் ஒரு டிரைவரின் பெயர் தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்; விண்டோஸ் 11-ன் புதிய பதிப்பில் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது, விஷயம் அதேதான். ஒற்றை ஃபைல் என்ன செய்யும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட் ஃபைல், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைப் படுக்கவைத்தது. தீர்வு, சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) நுழைந்து சி-00000291 என்று தொடங்கும் அந்த ஃபைலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்வதுதான். இதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை. சிக்கிக்கொண்டவர்களில் பலருக்கு நேரம் பிடித்தது பிட்லாக்கர் கீ தேடுவதில்.

ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒருமுறை ஓடவிடுங்கள். “சரிசெய்ய முடியவில்லை” என்றுதான் பெரும்பாலும் சொல்லும். அதனால் பயனில்லை என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் அது என்ன பார்த்தது என்பதை எழுதி வைத்திருக்கும்: ‘டி:\விண்டோஸ்\சிஸ்டம்32\லாக்ஃபைல்ஸ்\எஸ்ஆர்டி’ ஃபோல்டரில் ‘எஸ்ஆர்டிடிரெய்ல்’ என்ற டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்து அடிவரைக்கும் போங்கள். இன்ன டிரைவர் ஃபைல் ‘இஸ் கரப்ட்’ என்று சில சமயம் முழுப் பாதையோடு இருக்கும். அது நீங்கள் போட்ட ஏதோ மென்பொருளின் டிரைவர் என்றால், ‘ரென்’ கட்டளையால் பெயரின் வாலில் ‘.ஓல்டு’ சேர்த்துவிட்டு பூட் செய்து பாருங்கள். நீக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள், தப்பானால் திருப்பிவிடலாம். மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர் என்றால் இந்த விளையாட்டு வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்த படி எஸ்எஃப்சியும் டிஐஎஸ்எம்மும், விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளைகள். இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள், எது முன்னால் என்பதைத்தான் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். டிஐஎஸ்எம் முன்னால். ஏன் என்று புரிய விண்டோஸ் ஃபைல்களை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஃபோல்டர்தான் மூலக் கிடங்கு. சிஸ்டம்32-ல் நீங்கள் பார்க்கும் ஃபைல்களில் பெரும்பாலானவை தனிப் பிரதிகள் அல்ல. கிடங்கில் இருக்கும் அதே ஃபைலுக்கு வைத்த இன்னொரு பெயர், அவ்வளவே. ஹார்ட் லிங்க் என்பார்கள். டிஸ்க்கில் இருப்பது ஒரே டேட்டா. ஒரு வைரஸோ, கிராக் செய்யும் ஆக்டிவேட்டரோ சிஸ்டம்32-ல் உள்ள ஃபைலை நீக்கி வேறொன்றை வைத்தால், கிடங்கில் நல்லது தப்பியிருக்கும். எஸ்எஃப்சி அதை எடுத்துப் போட்டுவிடும். ஆனால் டிஸ்க்கில் அந்த இடமே கெட்டுப்போனால் இரண்டு பெயரும் ஒரே கெட்ட டேட்டாவைத்தான் காட்டும். எஸ்எஃப்சி எடுக்கப் போகிற கிடங்கே கெட்டிருக்கும். “கெட்ட ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை” என்று அது கைவிரிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அதே கட்டளையைப் பத்து முறை ஓட்டினாலும் மாறாது. டிஐஎஸ்எம், வெளியிலிருந்து நல்ல ஃபைலைக் கொண்டுவந்து கிடங்கை நிரப்பும். அதற்குப் பிறகு எஸ்எஃப்சி.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்

இது விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கும், அதனால் இணையம் வேண்டும். 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நிற்பது இதன் வழக்கம், தொங்கிவிட்டது என்று மூடாதீர்கள். முடிந்ததும் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’. பிறகு ரீஸ்டார்ட், மறுபடி ஒரு எஸ்எஃப்சி. குறை எதுவும் இல்லை என்று அது சொன்னால்தான் முடிந்ததாக அர்த்தம்.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால் அதே வேலையை வெளியிலிருந்து செய்ய வேண்டும். அப்டேட் பாதியில் நின்று, ‘பெண்டிங்’ என்று ஏதாவது புலம்பினால் முதலில் ‘டிஐஎஸ்எம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்’. இது ஒன்றே பல பூட் சுழல்களை நிறுத்திவிடும். அடுத்து, மூலத்தைக் காட்டி ரிப்பேர். பென் டிரைவில் ‘சோர்சஸ்’ ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டால்’ என்ற பெரிய ஃபைல் இருக்கும். மீடியா கிரியேஷன் டூலில் செய்தது என்றால் இஎஸ்டி, ஐஎஸ்ஓவாக (இன்ஸ்டால் டிஸ்க்கின் ஒற்றை ஃபைல் வடிவம்) நேரடியாக இறக்கியது என்றால் விம். அதற்குள் ஹோம், ப்ரோ என்று பல பதிப்புகள் எண் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ‘டிஐஎஸ்எம் /கெட்-விம்இன்ஃபோ /விம்ஃபைல்:’ என்று தட்டி அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்தால் பட்டியல் வரும். இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்புகளில் இருப்பது வெறும் ஹோம் அல்ல, ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. எண்ணைத் தப்பாகக் கொடுப்பது பெரும்பாலும் இங்கேதான். பட்டியலில் உங்களுடையது 3 என்றால், பென் டிரைவ் எஃப் என்று காட்டினால்:

டிஐஎஸ்எம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த் /சோர்ஸ்:இஎஸ்டி:எஃப்:\சோர்சஸ்\இன்ஸ்டால்.இஎஸ்டி:3 /லிமிட்ஆக்சஸ் /ஸ்க்ராட்ச்டிர்:டி:\டெம்ப்

டி டிரைவில் டெம்ப் என்ற ஃபோல்டரை ‘எம்டி டி:\டெம்ப்’ என்று முன்பே உருவாக்கிவிடுங்கள். ஸ்க்ராட்ச்டிர் கொடுக்காவிட்டால் அந்தக் குட்டி எக்ஸ் டிரைவில் பிரித்துப் போடப் பார்த்து, இடமில்லை என்று பாதியில் நிற்கும். முடிந்ததும்:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=டி:\ /ஆஃப்விண்டிர்=டி:\விண்டோஸ்

பின்னால் வரும் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் ஸ்கேன்நவ் கொடுத்தால், அது உங்கள் விண்டோஸைப் பார்க்காது.

0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வந்தால், நீங்கள் காட்டிய மூலத்தில் தேவையான ஃபைல் இல்லை என்று பொருள். பதிப்பு எண் தப்பு, அல்லது பில்ட் (விண்டோஸ் வெளியீட்டின் உள் எண்) வேறு. விண்டோஸ் 10 22எச்2 என்றால் 19045, விண்டோஸ் 11 23எச்2 என்றால் 22631, 24எச்2 என்றால் 26100. பென் டிரைவும் அதே பில்டாக இருக்க வேண்டும். பில்ட் சரியாக இருந்தும் அதே பிழை வருவதுண்டு: உங்கள் மெஷினில் போன மாத அப்டேட் வரை ஏறியிருக்கும், பென் டிரைவில் இருப்பது அதற்கு முந்தைய ஃபைல். அதோடு மல்லுக்கட்டாதீர்கள், கீழே சொல்லும் இன்ப்ளேஸ் வழிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் செட்டிங் எல்லாம் சேர்த்து வைக்கும் இடம்) கெட்டுவிட்டது என்றால் ‘சிஸ்டம்32\கான்ஃபிக்\ரெக்பேக்’ ஃபோல்டரில் இருப்பதை எடுத்து ‘கான்ஃபிக்’ ஃபோல்டரில் போடு என்று பழைய கட்டுரைகளும் வீடியோக்களும் இன்னும் சொல்கின்றன. விண்டோஸ் 7 காலத்தில் அது உயிர் காத்தது. விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் அங்கே பேக்கப் எடுப்பதில்லை. ஃபைல்களின் பெயர் இருக்கும், அளவு பூஜ்யம். அதைக் காப்பி செய்தால் மிச்சமிருந்த ரெஜிஸ்ட்ரியும் காலி. ‘டிர்’ போட்டு அளவைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பூட் ஃபைல் மட்டும் போயிருந்தால்

0எக்ஸ்சி000000எஃப் என்றோ, ‘நோ பூட் டிவைஸ்’ என்றோ வந்தால் விண்டோஸ் முழுசாக நன்றாக இருந்து, அதைத் தேடிப் பிடிக்கும் பூட் பகுதி மட்டும் கெட்டிருக்கலாம். ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ கொடுத்தால் யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) மெஷின்களில் ‘ஆக்சஸ் இஸ் டினைடு’ என்பதே வழக்கமான பதில். அதை விட்டுவிட்டு பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதிவிடலாம். டிஸ்க்பார்ட் உள்ளே ‘லிஸ்ட் வால்யூம்’. ஃபேட்32, 100 முதல் 260 எம்பி அளவில் ஒரு வால்யூம் இருக்கும். அதன் எண் 2 என்றால் ‘செலக்ட் வால்யூம் 2’, ‘அசைன் லெட்டர்=எஸ்’, ‘எக்ஸிட்’. பென் டிரைவும் ஃபேட்32தான், அளவைப் பார்த்துப் பிரித்தறியுங்கள். பிறகு:

பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்ப்ளேஸ், ரீசெட், கடைசியாக ஃபார்மட்

எப்படியோ டெஸ்க்டாப் வரை வந்துவிட்டது, ஆனால் அப்டேட் ஏறவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, எஸ்எஃப்சி கைவிரிக்கிறது என்றால் இன்ப்ளேஸ் ரிப்பேர்தான் சரி. ஐஎஸ்ஓவை இரட்டைக் கிளிக்கில் திறந்து, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்ட வேண்டும். ‘கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால். ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் ஃபைல் எல்லாம் புதிது, உங்கள் மென்பொருளும் டேட்டாவும் அப்படியே. அந்தத் தேர்வு மங்கலாக இருந்தால் பெரும்பாலும் ஐஎஸ்ஓவின் மொழி பொருந்தவில்லை. ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ போட்ட மெஷினில் ‘இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ ஐஎஸ்ஓ கொடுத்தால் இப்படித்தான் ஆகும். பென் டிரைவிலிருந்து பூட் செய்தோ, சேஃப் மோடிலோ இது நடக்காது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் ‘விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்’ என்ற பொருளில் ஒரு பட்டன் வந்திருக்கிறது. ஐஎஸ்ஓ இல்லாமலே இதே வேலை.

ரீசெட் இதற்குக் கீழான தரம். ‘கீப் மை ஃபைல்ஸ்’ கொடுத்தாலும் நீங்கள் போட்ட மென்பொருள் எல்லாம் போகும். ‘கிளவுட் டவுன்லோட்’ என்றால் 4 ஜிபிக்கு மேல் இறக்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா காலி. ‘லோக்கல்’ கொடுத்தால் ஏற்கெனவே கெட்டிருக்கும் அதே கிடங்கிலிருந்து கட்டப் பார்க்கும், பாதியில் விழலாம். ஃபார்மட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாங்கியபோதே விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் கீ கேட்கும் இடத்தில் ‘ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ’ கொடுங்கள். அதே பதிப்பைப் போட்டு இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. கடையில் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் இருந்த இடத்தில் கிராக் செய்த ப்ரோ வந்து உட்கார்ந்திருக்கும்.

திரும்ப வராமல் இருக்க

பேட்டரி செத்த லேப்டாப்பைச் சார்ஜரிலேயே சொருகி டெஸ்க்டாப் மாதிரி ஓட்டுகிற வீடுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. கரன்ட் ஒரு நொடி மினுக்கினாலும் அது பட்டென்று அணையும். அப்போது அப்டேட் எழுதிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன கதைதான். பேட்டரி மாற்றும் செலவு புது எஸ்எஸ்டி செலவை விடப் பெரிதல்ல. டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ் இருந்தால் ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அது மாறும் கணத்தில் சில மெஷின்கள் ரீஸ்டார்ட் ஆகின்றன, யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். அப்டேட் ஓடும்போது ‘எவ்வளவு நேரம்தான்’ என்று பவர் பட்டனை அழுத்தும் பழக்கம் இருந்தால் யுபிஎஸ் வாங்கியும் பயனில்லை.

மெஷின் நன்றாக இருக்கும்போதே ஒரு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் போட்டு, லேப்டாப்பின் மாடலும் விஎம்டி டிரைவரும் அதிலேயே வைத்துவிடுங்கள். அந்த 48 இலக்கக் கீயைத் தாளில் எழுதி, கரன்ட் பில்லும் ரேஷன் கார்டும் இருக்கும் கவரில் போடுங்கள். அதே கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ‘பிட்லாக்கர் கீ’ என்று ஒரு ஃபைலாகச் சேமித்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.